போன் கௌதமனின் இடது கை

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை, பெங்களூரு லிங்கராஜபுரம் நிறுத்தத்தில் பஸ்ஸின் முதல் படியில் காலை வைத்தபோது செல்போன் அடித்தது. பழைய கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்த சரஸ்வதி. "ஜெசி, நம்ம போன் கௌதமன் போயிட்டாருடி" என்றாள். "எங்க போயிட்டாரு?" என்று கேட்டேன். பதிலுக்கு சரஸ்வதி அழுதாள். ஏறு, இல்லாவிட்டால் இறங்கு என்று கண்டக்டர் கன்னடத்தில் கத்தினார். எனக்கு இரண்டுமே புரியவில்லை. பின்னால் வந்தவர்கள் என்னை ஒதுக்கிவிட்டு ஏறினார்கள். பஸ் போன பிறகுதான் நான் இன்னும் ரோட்டிலேயே நிற்கிறேன் என்று தெரிந்தது.

சாவுச் செய்தியிலும் பட்டப்பெயர் சேர்ந்து வந்ததற்கு சரஸ்வதியைக் குறை சொல்ல முடியாது. பீன்யாவில் நாம் வேலை பார்த்த அந்தக் கம்பெனியில் கௌதமன் என்றால் எந்தக் கௌதமன் என்பார்கள். போன் கௌதமன் என்றால் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். நம் கம்பெனிக்காரர்கள் அவர் நினைவாகப் போடும் இந்த மலரைப் படிக்கிற உங்களில் பாதிப் பேராவது கேன்டீனில் காதருகே கையை வைத்து "ஹலோ" என்று அவரைக் கலாய்த்தவர்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் நான் குனிந்து என் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்வேன். ஏன் என்று இத்தனை வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. மலருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டபோது அதைச் சொல்லத்தான் ஒப்புக்கொண்டேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். கௌதமண்ணன் கோலார் தங்கவயல்காரர். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். விடிவதற்கு முன்பே ரயிலேறி, இறங்கி, இரண்டு பஸ் மாறிப் பீன்யாவுக்கு வருவார். எங்கள் கம்பெனி பம்புகளுக்கான ஸ்டீல் பின்கள் செய்தது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். அவர் இன்ஸ்பெக்ஷனில் இருந்தார். வலது கையில், பின்னின் தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டரைப் பிடித்தால் நூறு பின் முடிகிற வரை கீழே வைக்க மாட்டார். கண்ணையும் அதிலிருந்து எடுக்க மாட்டார். பக்கத்தில் தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். "கண்ண எடுத்தா கை பொய் சொல்லும் ஜெசி" என்பார். அவர் அளவைச் சொல்லச் சொல்ல நான் எதிரே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர், வேலையில் சேர்ந்து சில மாதம்தான், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கள் தட்டுகளில் நூறு குழி, நூறு பின். ஒவ்வொரு தட்டின் அடியிலும் ஒரு சீட்டு போகும். 'செய்தது' என்று ஒரு வரி, அதில் லேத்காரர் பெயர். 'சரிபார்த்தது' என்று இன்னொரு வரி, அதில் கௌதமன். ஒருமுறை வாடிக்கையாளரிடமிருந்து ஒரு தட்டு திரும்பி வந்தது. லேத்காரரைக் கூப்பிட்டுத் திட்ட ஆள் போனது. கௌதமண்ணன் நடுவே போய் நின்றார். "செஞ்சவன் தப்பு செய்வான் சார், மனுசன்தானே. பாத்து அனுப்புனது நான். என்னக் கேளுங்க" என்றார். அன்று எனக்கு அவர் மீது எரிச்சல்தான் வந்தது. எவனோ செய்த தப்புக்கு இவர் ஏன் போய் நிற்கிறார் என்று நினைத்தேன். இந்தப் பழக்கம் என்னையும் ஒருநாள் தொடும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த புதிதில் அது. மேனேஜர் ஒருநாள் எங்கள் மேசைக்கு வந்து, இனி அளப்பவரே அளவைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், சொல்வதற்கு ஒருவர் அடிப்பதற்கு ஒருவர் தேவையில்லை என்றார். கௌதமண்ணனால் முடிந்தால் மேசை அவருக்கு. முடியாவிட்டால் அவர் பேக்கிங்குக்குப் போவார், டிப்ளமா படித்த ஒருவர் அந்த இடத்துக்கு வருவார். எனக்கு ஸ்டோர்ஸில் வேலை, அதுவும் நிரந்தரம் ஆக்குகிற காகிதத்தில் கையெழுத்து விழுந்தால். கௌதமண்ணன் இருபது வருடம் உட்கார்ந்த ஸ்டூலைக் கையால் ஒருமுறை தடவினார்.

சிக்கல் என்னவென்றால், அவருடைய வலது கை மைக்ரோமீட்டருக்கு. மிச்சம் இருப்பது இடது கை. கம்ப்யூட்டர் கீபோர்டிலோ எண் விசைகள் வலது ஓரத்தில் இருக்கின்றன. கீபோர்டை இடப்பக்கம் நகர்த்தலாம் என்றால், அளக்கும் கருங்கல் மேசையில் இடப்பக்கம் ஒரு உள்ளங்கை அகலம்தான் காலி. யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு வழி தோன்றியது. எண் விசைகள் மட்டும் தனியாக ஒரு சின்னப் பெட்டியாகக் கிடைக்கும், கீபேட் என்பார்கள், அதை இடது பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் முகம் தெளிந்தது. "அப்ப வர்றதுக்குள்ள நான் ரயில்லயே பழகிக்கிறேன். ஒரு அட்டையில வரைஞ்சு குடு. மேல் வரிசையில இன்னா நம்பர், கீழ இன்னா நம்பர், அது போதும்" என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரம். கேன்டீன் நடையில் நின்றிருந்தோம். கம்ப்யூட்டர் இருந்த எங்கள் இன்ஸ்பெக்ஷன் அறை பூட்டியிருந்தது. நான் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் எண் அடிப்பவள், ஒருமுறைகூடக் கீபோர்டைக் குனிந்து பார்க்காதவள் என்று பெருமை வேறு. மேல் வரிசையில் என்ன எண் என்று அவர் கேட்டதும் மண்டை காலியாகிவிட்டது. என் விரலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். சுவரில் கேன்டீன் போன் மாட்டியிருந்தது. எண் விசை எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும் என்று அதைப் பார்த்து, பிஸ்கட் பெட்டி அட்டையில் வரைந்து கொடுத்தேன். மேலே ஒன்று, இரண்டு, மூன்று. நடுவில் நான்கு, ஐந்து, ஆறு. கீழே ஏழு, எட்டு, ஒன்பது. அதற்கும் கீழே பூஜ்ஜியம்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. அங்கே ஏழு எட்டு ஒன்பதுதான் மேலே, ஒன்று இரண்டு மூன்று கீழே. கௌதமண்ணனும் என் கீபோர்டை எதிர்ப்பக்கத்திலிருந்தே பார்த்துப் பழகியவர். அங்கிருந்து பார்த்தால் ஏழு எட்டு ஒன்பது தன் பக்கமாகக் கீழேயும், ஒன்று இரண்டு மூன்று அதற்கு மேலேயும்தான் தெரியும். அதனால் அவருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு வாரம், போக வர ரயிலில், அட்டையை இடது தொடையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருக்கிறார். பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர், தவிலா மிருதங்கமா என்று கேட்டாராம்.

கீபேட் வாங்க ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் இறங்கி நடந்தோம். கடைக்காரர் தக்கணி உருதுவும் தமிழும் கலந்து பேசினார். கண்ணாடிப் பெட்டியிலிருந்து இரண்டை எடுத்து வைத்தார். "தோனோ ஏகீச்சம்மா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். நான் வெளுத்து வாங்கினேன். ஒயர் எவ்வளவு நீளம், அடியில் ரப்பர் இருக்கிறதா, கருங்கல்லில் வழுக்குமா, நம்பர் லாக் விளக்கு எங்கே, செருகுகிற முனை பெரிய வட்டமா சின்ன வட்டமா என்றெல்லாம் கேட்டேன். எதைப் பார்க்க வேண்டுமோ அதை மட்டும் பார்க்கவில்லை.

கௌதமண்ணன் ஒன்றில் இடது கையை வைத்தார். அரைக்கண்ணால் பார்த்தபடி நாலைந்து விசைகளை அழுத்தினார். "இன்னாவோ சரியில்ல. கைக்கு அந்நியமா கீது" என்றார். இன்னொன்றில் வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இதும்மா. இது பழகுன மாதிரியே கீது." அதன் முனை பழைய பெரிய வட்டம், நம் கம்ப்யூட்டரில் நுழையாது. மாற்று முனை ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வரும் என்றார் கடைக்காரர். நமக்கோ மேனேஜர் வைத்த சோதனை திங்கட்கிழமை. "அண்ணே, அது ஏதோ பழைய சரக்கு. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அதான் உங்களுக்கு ஈசியா இருக்கு. இதை எடுங்க" என்றேன். நான் என் விரல்களை வைத்துப் பார்த்திருந்தேன், எனக்குக் கச்சிதமாக இருந்தது. அவர் குழப்பத்தோடு இரண்டையும் மாறி மாறித் தொட்டார். பிறகு, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அந்த இன்னொன்று போன் மாதிரியே ஒன்று இரண்டு மூன்றை மேலே வைத்துச் செய்தது. அபூர்வமாக அப்படியும் வரும் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருடைய கை சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. நான்தான் தட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் பக்கத்தில் நிற்க, ஒரு தட்டு, நூறு பின். அளவைவிட எத்தனை மைக்ரான் கூடுதல் என்று ஒரே ஒரு எண்ணை அடிக்க வேண்டும். ஆறு வரை நல்லது. ஏழு, எட்டு, ஒன்பது கழிவு. அளப்பவரே கழிவைத் தனியாகப் பிரிக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. கம்ப்யூட்டர் கழிவுக் குழிகளின் பட்டியலை அச்சடிக்கும், பேக்கிங்கில் அதைப் பார்த்து எடுப்பார்கள். நம்பர் லாக் விளக்கு எரிகிறதா என்று நான் மூன்று முறை பார்த்தேன். கௌதமண்ணன் மைக்ரோமீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கை மட்டும் தனியாக ஓடியது. அவ்வளவு அழகாக அடித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பட்டியல் வந்தது. பாதிக்கு மேல் கழிவு. அதுவரை ஒரு தட்டில் நாலைந்துக்கு மேல் கழிந்ததில்லை. மேனேஜர் கழிவு என்று வந்த ஒரு பின்னை எடுத்துத் தானே அளந்தார். நல்ல பின். நல்லது என்று வந்ததை அளந்தார். கழிவு. "ஏனு கௌதம், கண்ணு ஹோய்தா?" என்று கேட்டார். கண் போய்விட்டதா என்று. அந்தக் கேள்வியைக் கேட்டதும் கௌதமண்ணன் முகம் எப்படி ஆனது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மறுபடி அளந்தார், வாய்விட்டு அளவைச் சொன்னார். சரியாக இருந்தது. "நான் இதத்தான் சார் அடிச்சேன்" என்றார். திரையில் வேறு எண். மறுபடி அளந்தார். தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அது தன்னுடையதுதானா என்று பார்ப்பவர் போல இருந்தது.

நான் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான்கு, ஐந்து, ஆறு, பூஜ்ஜியம் எல்லாம் சரி. ஒன்று ஏழாகியிருந்தது, ஏழு ஒன்றாகியிருந்தது. இரண்டு எட்டாக, மூன்று ஒன்பதாக. முதலில் எனக்குப் புரியவில்லை, கீபேட் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு மேசைமேல் இருந்த போன் கண்ணில் பட்டது. "சார், கண்ணு இல்ல சார். வரிசை மாறியிருக்கு. இவரு போன் வரிசையில பழகியிருக்காரு" என்றேன். அதுவரை தைரியமாகத்தான் பேசினேன்.

மேனேஜர் நிமிர்ந்து, "யார் சொல்லிக்கொடுத்தது இப்படி?" என்று கேட்டார்.

என் நிரந்தரக் காகிதம் அவருடைய மேசை டிராயரில் இருந்தது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது என்றெல்லாம் சாக்குச் சொல்லலாம். உண்மை என்னவென்றால் நாக்கு எழவில்லை. கௌதமண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "யாரும் இல்ல சார். எஸ்.டி.டி. பூத்துல போனப் பாத்து நானே வரைஞ்சுக்கினேன். என் தப்புதான்" என்றார். மேனேஜர் சிரித்துவிட்டார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஒரு வாரம் தருகிறேன், கையை மாற்றிக்கொண்டு வா என்றார். அன்று மதியத்துக்குள் கேன்டீனில் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

அன்று மாலையே அவரை மறுபடி எஸ்.பி. ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பழகிய கையை ஒரு வாரத்தில் மாற்றுவது ஆகாத காரியம், அந்த இன்னொரு கீபேடையே வாங்கிவிடலாம் என்று எனக்கு அவசரம். என் தப்பு அதோடு அழிந்துவிடும் என்றும் நினைத்தேன். மாற்று முனை வந்திருந்தது. கடைக்காரர் பொருத்தியே காட்டினார். கௌதமண்ணன் அதில் கையை வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அடித்தார். பிறகு மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டார். "வேணாம் ஜெசி. நான் லீவு போட்டா இன்னொருத்தன் வந்து உக்காருவான். அவன் கை இதுல தப்புப் பண்ணும். அவனையும் இப்பிடி நிக்க வச்சு கண்ணு போச்சான்னு கேப்பாங்க. ஒரு கை மாறுனா போதும்" என்றார்.

ஒரு வாரத்தில் மாற்றினார். எப்படி என்று தெரியாது. இந்த முறை அட்டையை அவரே, கீபேடைப் பார்த்து வரைந்துகொண்டார். அடுத்த திங்கட்கிழமை நூறு பின், நாலு கழிவு, நாலும் சரி. மேசை அவரிடமே இருந்தது, ஓய்வு பெறுகிற வரைக்கும். என் காகிதத்திலும் கையெழுத்து விழுந்தது.

பெயர் மட்டும் போகவில்லை. நீங்கள் "ஹலோ" சொல்வீர்கள், அவர் "ராங் நம்பர்" என்பார், எல்லாரும் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் சொல்ல முயலவில்லை என்றில்லை. அவருடைய மகள் கல்யாணத்தில் அவரைத் தனியாகப் பிடித்து, "அண்ணே, அந்த அட்டை..." என்று ஆரம்பித்தேன். "சாப்ட்டியா மொதல்ல? பிரியாணி தீந்துடும், போ" என்றார். தெரிந்து மறைக்கிறாரா, யார் வரைந்தது என்பதையே மறந்துவிட்டாரா? எஸ்.டி.டி. பூத் என்று சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டாரா? அந்த முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கம்பெனியை விட்டு வந்த பிறகு புத்த பூர்ணிமாவுக்கு வருடம் தவறாமல் போன் செய்வேன். இந்த முறை கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தங்கவயலுக்குப் போனேன். அவர் மனைவி வசந்தா அக்கா ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, அவருடைய மைக்ரோமீட்டர் உறை, பழைய அடையாள அட்டை எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்திருந்தார். நடுவில் அந்த பிஸ்கட் பெட்டி அட்டை கிடந்தது. விரல் பட்டுப் பட்டுப் பத்து இடங்களில் வெளுத்திருந்தது. நான் ஏழு எழுதினால் நடுவில் ஒரு கோடு போடுவேன், பள்ளியிலிருந்து அப்படி. கோடு போட்ட ஏழு அங்கே இருந்தது.

"முட்டாள்தனமா போன் மாதிரி வரைஞ்சுக்கினேன்னு இவரே சொல்லிச் சொல்லி சிரிப்பாரு. அப்புறம் இத எதுக்கும்மா பத்திரமா வச்சாரு? எனக்கு ஒண்ணும் புரியல" என்றார் அக்கா. அட்டையை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கத்தில் பென்சிலால், தட்டுச் சீட்டில் எழுதுகிற அதே கையெழுத்தில் இரண்டு வரிகள்.

செய்தது: ஜெசிந்தா.
சரிபார்த்தது: கௌதமன்.

நான் அழுததைப் பார்த்து அக்கா பயந்துவிட்டார். அவரிடம்தான் முதன்முதலில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாயில் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் எடுத்து வைத்தார். பிறகு, "அந்த மனுசன் என்னாண்டயும் சொல்லல பாரு" என்றார். அதில் கோபம் இருந்ததா பெருமை இருந்ததா, அதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்த வரிகளை அவர் எப்போது எழுதினார்? நான் அட்டையைக் கொடுத்த அன்றே, எந்தத் தட்டு வந்தாலும் எழுதுகிற பழக்கத்தில் எழுதினாரா? இல்லை, மேனேஜர் கேட்டு, அவர் பொய் சொல்லி, எல்லாரும் சிரித்த பிறகு, திரும்பிப் போகிற ரயிலில் எழுதினாரா? முதலாவது என்றால் அது வெறும் பழக்கம். இரண்டாவது என்றால் அது எனக்கான பதில். எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் பென்சில் கோட்டில் தேதி தெரிவதில்லை. இந்தக் குழப்பம் என்னோடுதான் இருக்கும் போலிருக்கிறது. இருக்கட்டும்.

அட்டையை அக்கா எனக்கே கொடுத்துவிட்டார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுவும், உங்கள் எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பட்டப்பெயரும். அந்தப் பெயர் இத்தனை வருடம் தவறான ஆளிடம் இருந்தது. கேன்டீனில் இனி யாராவது போன் என்று சிரித்தால், அவரை விட்டுவிட்டு என் பெயரைச் சொல்லிச் சிரியுங்கள்.

எழுதி முடித்த இந்தத் தாளின் கீழே அவர் பாணியில் இரண்டு வரி போட்டிருக்கிறேன். முதல் வரியில் என் பெயர். சரிபார்த்தது என்கிற இடத்தில் எழுத ஆளில்லை.